பூஜையில் வைத்த ஸ்ப்ளிட் பின்

என் அக்கா காமுவின் கணவர் வைத்தீஸ்வரன் மேல் எனக்கு முப்பத்தைந்து வருஷமாக ஒரே ஒரு புகார்தான். மனுஷர் எதையும் ஒரு தரம் பார்த்துவிட்டு விடமாட்டார். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுப்பார். காஸை மூடிவிட்டு வாசல்வரை வந்து, திரும்பிப் போய் மறுபடி தொட்டுப் பார்ப்பார். ஹௌராவில் ரயில் ஏறும்போது டிக்கெட் இருக்கிறதா என்று அவர் சட்டைப் பையைத் தடவுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கே எரிச்சல் வரும். “அத்திம்பேர், டிக்கெட்டுக்குக் கால் முளைச்சு ஓடிடாது, வாங்கோ” என்பேன். சிரிப்பார். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை தடவுவார்.

துறைமுக ஒர்க்‌ஷாப்பில் முப்பத்துமூன்று வருஷம் வேலை பார்த்தவர். ரிப்பேரான கிரேன்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் உத்தியோகம். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் கிரேனுக்குக் கீழே ஆள் நிற்கலாம். அவர் கையெழுத்துப் போட்ட எதுவும் கடைசிவரை அறுந்து விழவில்லை. இதை அவர் வாயால் நான் கேட்டதில்லை. ரிடையர் ஆன அன்று மாலையும் கையுமாக வீடுவரை கொண்டுவந்து விட்ட ஒரு வங்காளி போர்மேன் சொன்னார், சொல்லும்போதே அழுதுவிட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, “மாலை கழுத்துல சரியா விழுந்திருக்கான்னு ஒரு தரம் பாத்துக்கோங்கோ” என்றேன். என் வாய் அப்படி. அதனால் பிறகு வந்த வினையைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

அவருடைய அப்பா கும்பகோணத்துப் பக்கமிருந்து ஒரு கம்பெனிக்குக் குமாஸ்தாவாகக் கல்கத்தாவுக்கு வந்தவர். வைத்தீஸ்வரன் பிறந்தது லேக் மார்க்கெட் பக்கம் ஒரு வாடகை வீட்டில். வங்காளிகளோடு வங்காளியாகப் பேசுவார், வீட்டுக்குள் வந்தால் காவேரிக் கரைத் தமிழ்தான். இப்போது டாக்குரியாவில், ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் மூன்று மாடிக் கட்டடம். முதல் மாடியில் அவர்கள். இரண்டாம் மாடியில் நான், சுந்தரராஜன், வங்கியில் ஓய்வு பெற்ற தனிக்கட்டை. சாப்பாடு அக்கா வீட்டில். சாப்பிட்டுக்கொண்டே அவர்கள் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைப்பது என் பொழுதுபோக்கு.

கீழே மாடிப்படிக்குப் பக்கத்தில் அவருடைய வண்டி நிற்கும். அறுபத்தாறாம் வருஷத்து புல்லட். கிதிர்பூரில் ஒரு ஆங்கிலோ இந்தியர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது இவர் கைக்கு வந்தது. அப்போது இவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. தன் பெண் அந்த வீட்டுக்கு இரண்டாவது மாட்டுப்பெண்ணாகத்தான் போனாள் என்று எங்கள் அம்மா கடைசிவரை சொல்லிக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்ததும் கீழே இறங்கி எதையாவது கழற்றுவார், மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாட்டிவிடுவார். ஸ்டேஷன் ரோட்டு மெக்கானிக் நிமாய்-தா, ஊருக்கே அண்ணா, அவரே சந்தேகம் வந்தால் இவரைத் தேடிக்கொண்டு வருவார்.

பின்சக்கரம் என்றால் மட்டும் அவருக்குத் தனி பயம். சக்கரத்தின் நடுவே ஓடும் ஆக்சிலை ஒரு நட்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. பழைய எஞ்சினின் அதிர்வில் எந்த நட்டும் மெல்ல மெல்லக் கழலப் பார்க்கும். அதற்காகவே அந்த நட்டின் தலையைப் பல் பல்லாக வெட்டி, ஆக்சிலின் நுனியில் ஒரு சின்னத் துளையும் போட்டிருப்பார்கள். வெட்டும் துளையும் நேராக வரும்போது, இரண்டு கால் உள்ள சிறு கம்பி ஒன்றை நுழைத்து, கால்களை இரண்டு பக்கமும் மடக்கிவிட வேண்டும். அதுதான் ஸ்ப்ளிட் பின். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அது இருக்கிறவரை நட்டு அசையாது. ஒரு தடவை மடக்கியதை நிமிர்த்தி மறுபடி போடக் கூடாது, ஒவ்வொரு தடவையும் புதிதுதான் என்பது அவர் சட்டம்.

அதற்கு ஒரு பழக்கமும் வைத்திருந்தார். சக்கரத்தைக் கழற்றும்போதே புது ஸ்ப்ளிட் பின் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அது பையில் இருக்கிறவரை வேலை முடியவில்லை என்று அர்த்தம். குனிந்தால் மார்பில் குத்தும். மறந்துபோய் மேலே வந்தாலும், கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிற மனுஷர், உடனே தெரிந்துவிடும். துறைமுகத்திலும் இதே வழிதானாம். “மறதிக்கு மருந்து மூளையில இல்லை சுந்தரா, பாக்கெட்ல இருக்கு” என்பார். நான் அதற்கும் ஏதாவது கேலி சொல்லியிருப்பேன்.

ஒரே பெண், மஹிமா. முப்பத்தொரு வயது. நியூ டவுனில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே சிநேகிதியோடு ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறாள். தமிழைவிட வங்காளம் அவளுக்குச் சுலபம். கோபம் வந்தால் மட்டும் சுத்தமான தமிழ் வரும். காலேஜில் சேர்ந்த வருஷம் அந்த வண்டியை ஓட்டக் கேட்டாள். “கனமான வண்டி. கிக்கர் திருப்பி அடிச்சா கால் போயிடும். அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார் அப்பா. அந்த அடுத்த வருஷம் பத்து வருஷமாக வரவில்லை. அவளும் ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டு, சிநேகிதியின் வண்டியில் தானாகக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் எடுத்து, சாந்திநிகேதன்வரை ஓட்டிக்கொண்டு போய் வந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சிநேகிதியின் அந்த வண்டியிலேயே வீட்டு வாசலில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. வைத்தீஸ்வரன் கீழே இறங்கி வந்தார். நேராக வண்டியிடம் போனார், குனிந்தார், பின்சக்கரத்தைப் பார்த்தார். “செயின் தொளதொளன்னு இருக்கே, பிரேக் எப்படி?” என்றார்.

“அப்பா, நான் முதல் தடவையா நம்மாத்துக்கு ஓட்டிண்டு வந்திருக்கேன். நீ சக்கரத்தைப் பாக்கறே. என்னைப் பாத்தியா?” என்றாள் மஹிமா. அவர் நிமிர்வதற்குள் இன்னும் கொட்டினாள். “எல்லாத்தையும் குனிஞ்சு பாத்துட்டுத்தான் நானும் ஏறுவேன், தெரியுமா உனக்கு? உன்னைப் பாத்துப் பாத்து வந்த பழக்கம். ஆனா உனக்கு என் மேல நம்பிக்கை கிடையாது. நட்டு மேலதான்.”

அன்றைக்குக் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். அதன் பிறகு பண்டிகைக்கு மட்டும் வருவாள். அம்மாவோடு பேசுவாள், என்னோடு அரட்டை அடிப்பாள். அப்பாவோடு “சாப்பிட்டியா”, “ம்” என்ற அளவில் நின்றுபோனது. அவர் யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை. அவள் வந்து போன நாட்களில் பூட்டை ஐந்து தடவை இழுத்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வருஷம் நவமி புதன்கிழமை வந்தது. ஊரெல்லாம் துர்கா பூஜை, எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை. இரண்டு நாள் முன்னால் புல்லட்டின் பின்சக்கரம் பஞ்சராகியிருந்தது. நிமாய்-தா கடையை மூடிவிட்டுப் பூஜைக்கு ஊருக்குப் போய்விட்டார். வைத்தீஸ்வரன் தானே சக்கரத்தைக் கழற்றி, டியூபுக்கு ஒட்டுப் போட்டு, நவமி காலையில் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தார். முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை நூல் பிடித்து நேர் பார்த்தார். செயினை விரலால் தூக்கிப் பார்த்தார். எல்லாம் சரி. கடைசியில் நட்டை முறுக்கியபோதுதான் தகராறு. நட்டு முழுசாக இறுகியபோது வெட்டும் துளையும் நேராக வரவில்லை. நட்டைத் தளர்த்தி நேராக்கினால் இறுக்கம் போய்விடும், அது அவருக்கு ஆகாது. ஆகவே நட்டைக் கழற்றி, வேறு கனத்தில் ஒரு வாஷரைப் போட்டு, நட்டைக் கையால் திருகிக்கொண்டிருந்தார். இன்னும் ஸ்பானரால் இறுக்கவில்லை.

அப்போது அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏன்னா, பன்னெண்டுக்கு ராகு காலம். அதுக்குள்ள பூஜை முடியணும். ஆயுதமெல்லாம் மேல வரணும், நீங்க குளிக்கணும்.”

“ரெண்டே நிமிஷம் காமு.”

“உங்க ரெண்டு நிமிஷம் நேக்குத் தெரியும்” என்று ஒரு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு அவளே கீழே வந்துவிட்டாள். சுத்தியல், ஸ்க்ரூடிரைவர், பிளையர் எல்லாவற்றையும் அள்ளினாள். அவர் கையில் இருந்த ஸ்பானரையும் வாங்கிக்கொண்டாள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி காலையில் புனர்பூஜை ஆகிறவரை யாரும் தொடக் கூடாது. எங்கள் அப்பா காலத்திலிருந்து இதில் மாற்றம் கிடையாது. நான் ஒரு வருஷம் நவமியன்று பேனாவை எடுத்துவிட்டேன் என்று அக்கா இன்னமும் சொல்கிறாள்.

அவர் ஒரு நிமிஷம் வண்டியைப் பார்த்து நின்றார். அவர் என்ன கணக்குப் போட்டிருப்பார் என்று எனக்கு இப்போது தெரியும். வண்டியும் ஆயுதம்தான். அதுவும் இன்றைக்குப் பூஜையில் இருக்கிறது. நாளைக் காலைவரை அதை யாரும் எடுக்கப் போவதில்லை. புனர்பூஜை ஆனதும் முதல் வேலையாக ஸ்பானரை எடுத்து நட்டை இறுக்கி, ஸ்ப்ளிட் பின்னை மாட்டிவிடலாம். இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மேலே வந்தார், குளிக்கச் சட்டையைக் கழற்றினார். பையிலிருந்த ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, பிளையரோடு சேர்ந்தே இருக்கட்டும் என்று அவரே தாம்பாளத்தில் வைத்தார்.

குளித்துவிட்டு வேஷ்டியோடு, திறந்த மார்போடு பூஜையில் உட்கார்ந்தார். பதினொன்றரைக்கு மஹிமா வந்து சேர்ந்தாள். அக்கா ஸ்பானருக்கு, கத்தரிக்கோலுக்கு, மஹிமாவின் லேப்டாப்புக்கு, என் பேனாவுக்கு என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் இட்டாள். கீழே வண்டிக்கும் மாலை போட்டு, ஹாண்டில்பாரில் பொட்டு வைத்து, இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று.

சாப்பாடு நன்றாக இருந்தது. வடை, பாயசம், சுண்டல். மஹிமா அன்றைக்கு நல்ல மூடில் இருந்தாள். தெருமுனைப் பந்தலில் தாக் மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது, அவள் இலையில் விரலால் தாளம் போட்டாள். திடீரென்று அப்பாவைப் பார்த்து, பாதி கேலியாக, “அப்பா, அடுத்த வருஷம் வந்துடுத்தா?” என்று கேட்டாள்.

அக்கா கரண்டியோடு நின்றுவிட்டாள். வைத்தீஸ்வரன் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும்.

“கொடுங்களேன் அத்திம்பேர்” என்றேன். “எலுமிச்சம்பழத்தை வெச்சா அது மேல வண்டியை ஏத்தணும். மெட்ராஸ்ல எல்லாரும் அன்னிக்கேதான் ஏத்தறா.”

“நம்மாத்துல நாளைக்குத்தான்” என்றாள் அக்கா.

“வண்டி என்ன உற்சவ மூர்த்தியா, ஏகாந்தமா இருக்கறதுக்கு? கொழந்தை கேக்கறா. ரெண்டு வருஷம் கழிச்சு வாயைத் திறந்து கேக்கறா.”

அவர் எழுந்து கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு மஹிமாவைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். “எடுத்துண்டு போ” என்றார். அவருடைய வலது கை ஒரு தடவை மார்புக்குப் போனது. அங்கே பூணூல்தான் இருந்தது. அதைத் தடவிவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். மனசு இளகிவிட்டது, பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

ராகு காலம் முடியட்டும் என்று அக்கா ஒன்றரை மணிவரை அவளை உட்கார வைத்தாள். அதில் அவ்வளவு ஜாக்கிரதை. நியூ டவுன் போய் சிநேகிதியிடம் வண்டியைக் காட்டிவிட்டு, விளக்கு வைப்பதற்குள் திரும்புவதாகச் சொன்னாள். இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்தது. முதல் பழம் நசுங்கியது, இரண்டாவதும் நசுங்கியது. தெருத் திரும்பும்வரை அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, “வண்டி போறதேன்னு அழறேளா, பொண்ணு பேசிட்டாளேன்னு அழறேளா?” என்றேன். “ரெண்டும்தான்” என்றார்.

இரண்டு மணி இருக்கும். விளக்குக்கு எண்ணெய் விடச் சொல்லி அக்கா அவரைப் பூஜையறைக்கு அனுப்பினாள். நான் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து “காமு” என்று கூப்பிட்டார். குரல் சரியாக இல்லை, நானும் எழுந்து போனேன்.

எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார். தாம்பாளத்தில் பிளையருக்குப் பக்கத்தில், செம்பருத்தி இதழுக்கு அடியில், அந்தக் கம்பி கிடந்தது. அதன் தலையில்கூட அக்கா சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தாள்.

“இதுக்கும் பொட்டு வெச்சயா?” என்று கேட்டார்.

“நீங்கதானே தாம்பாளத்துல வெச்சேள். எல்லாத்துக்கும் வெச்சேன்” என்றாள் அக்கா. அவளுக்கு இன்னும் புரியவில்லை.

“நட்டை இறுக்கவே இல்லை காமு. கையால திருகினது. இதையும் போடலை. சாவியை எடுத்துக் கொடுத்துட்டேன்.”

போனை எடுத்து மஹிமாவைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. ஓட்டிக்கொண்டிருக்கிறாள், போன் பைக்குள் இருக்கும். மறுபடி, மறுபடி. அவர் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எடுக்கவும் கை வரவில்லை. ஐம்பது வருஷப் பழக்கம், சாமிக்கு முன்னால் வைத்ததை அன்றைக்கே எடுப்பது என்பது அந்த நிலையிலும் அவரால் முடியவில்லை. அக்காதான் குனிந்தாள். பூவைத் தள்ளிவிட்டு ஸ்பானரையும் பிளையரையும் எடுத்து அவர் கையில் திணித்தாள். கடைசியாக அந்தக் கம்பியையும் எடுத்துக் கொடுத்தாள். “போங்கோ” என்றாள். “அவ கேப்பா, நான் பதில் சொல்லிக்கறேன்.” அவள் சொன்னது சரஸ்வதியை.

சட்டை போடக்கூட அவர் நிற்கவில்லை, மேல்துண்டைப் போர்த்திக்கொண்டார். ஸ்பானரை வேஷ்டி மடிப்பில் செருகிக்கொண்டு என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தார். நவமி மத்தியானம் கல்கத்தாவில் வண்டி ஓட்டுவது யாருக்கும் வரக் கூடாத தண்டனை. புதுப் புடவையும் புதுச் சட்டையுமாக ஊர் முழுக்க ரோட்டில் இறங்கி நடக்கிறது. கரியாஹாட் பக்கம் திரும்பவே முடியவில்லை, சந்து சந்தாகப் புகுந்து பைபாஸுக்குப் போனேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். தார் மேல் ஏதாவது மின்னினால் “நிறுத்து” என்றார். ஒரு தடவை சோடா மூடி. ஒரு தடவை யாரோ தொலைத்த கொலுசு மணி. நட்டைத் தேடுகிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

“அத்திம்பேர், நான்தான் வாயைத் திறந்தேன்” என்றேன் திரும்பாமல்.

“கையெழுத்து என்னோடது” என்றார் அவர்.

சயின்ஸ் சிட்டி தாண்டியபோது என் போன் அடித்தது. மஹிமாவின் நம்பர். எடுத்தால் ஒரு ஆண் குரல், வங்காளத்தில். மாமா, இந்தப் போன்காரப் பெண் விழுந்துவிட்டாள், பயப்படாதீர்கள், உட்கார்ந்திருக்கிறாள், பேசுகிறாள் என்று ஒரு பந்தலின் பெயரைச் சொன்னான். நான் தமிழில் சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

கூட்டத்தால் அவள் மெதுவாகத்தான் போயிருக்கிறாள். சர்வீஸ் ரோட்டில் பின்பக்கம் ஆட ஆரம்பித்ததும் ஓரம் கட்டப் பார்த்திருக்கிறாள். அதற்குள் சக்கரம் கோணி, செயின் கழன்று, வண்டி சாய்ந்து அவளை இழுத்துப் போட்டுவிட்டது. பின்னால் வந்த பஸ் பத்தடி தூரத்தில் நின்றதாம். இதைச் சொன்னது பந்தல் பையன்களில் ஒருவன், அவன் கையைக் காட்டி அளந்து சொன்னான். பத்தடி இருக்காது என்று எனக்குத் தோன்றியது.

பந்தலுக்குப் பக்கத்தில் முதலுதவிக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மஹிமா உட்கார்ந்திருந்தாள். வலது கையை மரச்சட்டம் வைத்துக் கட்டியிருந்தார்கள். முழங்காலில் ரத்தம். முகம் வெளுத்திருந்தது. புல்லட்டை இழுத்து மரத்தில் சாய்த்திருந்தார்கள், பின்சக்கரம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது, ஹாண்டில்பாரில் மாலை இன்னும் தொங்கியது. வைத்தீஸ்வரன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக அவளிடம் போய் மண்ணில் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், தலையைத் தடவிப் பார்த்தார், இடது கை விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

“அப்பா, வண்டியைப் பாரு. நட்டு இல்லை. எங்கயோ விழுந்துடுத்து போலருக்கு” என்றாள் அவள், தப்பு செய்த குழந்தையின் குரலில். “கியர் மாத்தறச்சே நான் ஏதாவது தப்பா…”

அவர் கையைத் திறந்து காட்டினார். வழியெல்லாம் இறுக்கிப் பிடித்திருந்ததில் குங்குமம் உள்ளங்கை முழுக்க அப்பியிருந்தது. நடுவில் அந்தக் கம்பி, கால் மடங்காமல்.

“போடலைம்மா. நான் போடலை. மறந்துட்டேன்.”

அவள் அந்தக் கம்பியை வெகு நேரம் பார்த்தாள். அது எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வேற யார் வண்டியா இருந்தாலும் குனிஞ்சு பாத்துட்டு ஏறியிருப்பேன்ப்பா” என்றாள் மெதுவாக. “உன் வண்டின்னு பாக்கலை.”

என் அத்திம்பேர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். தாக் மேளத்தில் அழுகைச் சத்தம் கேட்கவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பந்தல் பையன் ஒருவன் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தது. பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் அவள் டாக்குரியாவில்தான் இருந்தாள். அப்பா அவளுக்குச் சாதம் பிசைந்து கொடுத்தார், லேப்டாப்பைத் திறந்து வைத்தார், தலைமுடியைக்கூட ஒரு நாள் பின்னிவிட முயன்று அக்காவிடம் திட்டு வாங்கினார். இருவரும் நிறையப் பேசினார்கள், சிரிக்கவும் சிரித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால், நடந்தது நல்லதற்குத்தான் என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் சொந்தத்தில் ஒருவர் சொல்லவும் சொன்னார், நான் அவரோடு அதற்கப்புறம் பேசுவதில்லை. ஏனென்றால் பூட்டை இழுத்துப் பார்ப்பதை அத்திம்பேர் நிறுத்திவிட்டார். பூட்டிவிட்டு என்னிடம் சாவியைக் கொடுத்து, “நீ ஒரு தரம் பாரு” என்பார். நான் இழுத்துப் பார்ப்பேன். கேலி ஒன்றும் வாயில் வராது.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மஹிமா சாவி கேட்டாள். டாக்டர் சரி சொல்லியாயிற்று. வண்டியை நிமாய்-தா கொண்டுவந்து சேர்த்திருந்தார், ஆனால் பின்சக்கரத்தை அவரைத் தொடவிடாமல் இவரே மாட்டினார். எனக்குத் தெரிந்து நாலு நாள் மாட்டினார். நட்டு புதிது, வாஷர் புதிது, ஸ்ப்ளிட் பின் புதிது. தெரு விளக்கு வந்த பிறகும் கீழே உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவியை வாங்கிக்கொண்டு அவள் கீழே போனாள். நாங்கள் இருவரும் கேட்டருகில் நின்றோம். ஹெல்மெட்டை சீட்டில் வைத்துவிட்டு, அவள் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். ஸ்ப்ளிட் பின்னை விரலால் அசைத்துப் பார்த்தாள். மடக்கிய கால் ஒவ்வொன்றையும் தொட்டாள். எழுந்து அந்தப் பக்கம் போய், அங்கேயும் குனிந்தாள். அவசரமே படவில்லை. அப்பா நிற்கிறார் என்று அவள் மறைக்கவும் இல்லை, அவரை நோகடிக்க வேண்டும் என்றும் செய்யவில்லை. பிறகு நிமிர்ந்து, அவரைப் பார்த்து நன்றாகவே சிரித்துவிட்டு, வண்டியை உதைத்துக் கிளம்பினாள்.

சத்தம் தெருமுனையில் தேய்கிறவரை கேட்டிலேயே நின்றோம். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “நல்ல பழக்கம்தானே அத்திம்பேர், உங்க கிட்டேர்ந்து வந்ததுதானே” என்றேன்.

“நல்ல பழக்கம்தான்” என்றார். கேட்டைச் சாத்தினார், கொண்டியைப் போட்டார். “என் வண்டியையும் பாக்கணும்னு இப்பத் தெரிஞ்சுண்டுட்டா.”